அரங்கேற்றத்திற்குப் பிறகு

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. சிங்கப்பூரில் ஒரு நடனப் பள்ளியின் வாசலில் காலணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. உள்ளே மரக்கட்டையின்மீது கோல் தட்டும் ஓசை சீராகக் கேட்கிறது. “தையா தை, தையா தை” என்று ஆசிரியர் சொற்கட்டுச் சொல்ல, பத்துச் சிறுமியரும் இரண்டு சிறுவர்களும் அரைமண்டியில் நின்று தட்டடவு பழகுகின்றனர். முதற்காலத்தில் ஒன்றாக விழும் கால்கள், மூன்றாங்காலம் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் தடுமாறுகின்றன. ஆசிரியர் கோலை நிறுத்திவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

அந்தக் கூடத்தின் கதவோரத்தில் உயர்நிலை நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். ஆறு வயதில் இதே கூடத்தில் அவளுடைய கால்களும் இப்படித்தான் தடுமாறின. சென்ற ஜூன் விடுமுறையில் அவளுடைய அரங்கேற்றம் நடந்தது. அன்று கழற்றிய சலங்கை அதன்பின் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. இரவல் வாங்கிய தலைநகைகளைத் திருப்பிக் கொடுக்கவே அவள் இன்று வந்திருக்கிறாள்.

“அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வருகிறாயா, அம்மா?” என்று ஆசிரியர் கேட்கிறார்.

“தேர்வு நெருங்குகிறது, டீச்சர். முடிந்ததும் பார்க்கலாம்.”

ஆசிரியர் தலையசைக்கிறார். இந்தப் பதிலை அவர் இதற்கு முன்பும் பலரிடம் கேட்டிருக்கிறார்.

தொடக்கமா, முடிவா?

‘அரங்கேற்றம்’ மிகப் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் ‘அரங்கேற்று காதை’ என்றே ஒரு பகுதி உள்ளது. ஐந்து வயதில் ஆடல் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறியதை அது கூறுகிறது. அக்காலத்தில் ஆடல் மட்டுமன்றி, புலவர்கள் இயற்றிய நூல்களும் அவையோர் முன் அரங்கேறின. அரங்கேறிய நூல் அதன் பிறகே மக்களிடம் பரவத் தொடங்கியது. ஆகவே, அரங்கேற்றம் என்பது ஒரு பயணத்தின் முதல் நாள்.

பரதநாட்டிய அரங்கேற்றம் எளிதில் நடந்துவிடுவதன்று. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் வரிசையில் மாணவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தனியே ஆட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் எனப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோர் ஒழுங்குபடுத்திய வரிசை இது. வர்ணம் மட்டுமே அரைமணி நேரத்திற்கும் மேல் நீளக்கூடும். அதற்கான உடல் வலிமையையும் நினைவாற்றலையும் பெறப் பல ஆண்டுப் பயிற்சி தேவை.

ஆனால், இவ்வளவு உழைத்த பின்னர் பலர் அந்த மேடையிலேயே ஆடலுக்கு விடைகொடுத்துவிடுகின்றனர். தேர்வு, துணைப்பாட வகுப்பு, பிறகு உயர்கல்வி, தேசிய சேவை, வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடமைகள் வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. அரங்கேறிய எல்லாரும் தொழில்முறை நடனமணிகளாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. ஆனால், அவர்கள் ஆடுவதை மட்டும் நிறுத்துவதில்லை. பெரும்பாலும் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். ஜதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிந்த ஒருவர், அரங்கத்தின் இருக்கையிலிருந்தும் மறைந்துவிடுகிறார். ஒரு நகரத்தின் கலை உலகிற்கு அதுவே பெரிய இழப்பு.

வந்தவர்கள், தங்கியவர்கள்

சிங்கப்பூரில் இந்திய நடனம் வேரூன்றிய வரலாற்றைப் பார்த்தால், விலகாமல் தங்கியவர்களின் அருமை புரியும். 1949இல் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தொடங்கப்பட்டது. 1952இல் கே. பி. பாஸ்கர் என்னும் நடனக் கலைஞர் இங்கு ஒரு நடனப் பள்ளியை நிறுவினார். அவரை மணந்து, 1955இல் கேரளத்திலிருந்து சிங்கப்பூர் வந்தார் சாந்தா பாஸ்கர். அப்போது அவருக்கு இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவியின் வயதுதான்.

புதிய ஊர், பல மொழிகள், பல இனத்தவர். அந்த இளம்பெண் தமக்குத் தெரிந்த கலையை மட்டும் கற்பித்துவிட்டு ஒதுங்கி வாழவில்லை. அண்டை அயலாரின் கதைகளையும் ஆடல்களையும் கவனித்தார். சீனர்களிடையே புகழ்பெற்ற ‘வண்ணத்துப்பூச்சிக் காதலர்கள்’ கதையை 1958இல் பரதநாட்டிய நாடகமாக அமைத்தார். கல்வி கற்கும் ஆசையால் ஆண் வேடம் பூண்டு பள்ளிக்குச் செல்லும் ஒரு பெண்ணின் கதை அது. அவளும் அவளை விரும்பிய இளைஞனும் வாழ்வில் சேர முடியாமல், இறந்தபின் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கின்றனர். அடவும் முத்திரையும் தமிழர் அறிந்தவை. கதையோ சீனர் அறிந்தது. இரு சாராரும் ஒரே நாடகத்தில் தமக்குரிய ஒன்றைக் கண்டனர்.

அடுத்த ஆண்டு, 1959இல், சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அவ்வாண்டிலேயே ‘அனேகா ராகம் ராயாட்’ என்னும் மக்கள் கலைநிகழ்ச்சிகள் பூமலையில் தொடங்கப்பட்டன. மலாய், சீன, இந்திய ஆடல் பாடல்கள் ஒரே மேடையில் இடம்பெற்றன. பொதுமக்கள் திரண்டு வந்து பிற இனத்தவரின் கலைகளையும் கண்டு மகிழ்ந்தனர்.

1977இல் நீலா சத்தியலிங்கமும் இசைக்கலைஞரான அவருடைய கணவரும் ‘அப்சராஸ் ஆர்ட்ஸ்’ என்னும் நடனப் பள்ளியைத் தொடங்கினர். கொழும்பில் பிறந்த நீலா, சென்னையில் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திராவில் பயின்றவர். நாட்டின் மிக உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தை அவர் 1989இலும், சாந்தா பாஸ்கர் 1990இலும் பெற்றனர். சாந்தா பாஸ்கர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திய நடனக் குழுவுக்கும் பல்லாண்டுகள் வழிகாட்டினார். வெவ்வேறு துறைகளில் பட்டம் பயிலும் மாணவர்கள் பாடம் முடிந்தபின் வந்து அவரிடம் ஆடினார்கள். 2022இல், தம் 82ஆம் வயதில், அவர் மறைந்தார். இளம்பெண்ணாக வந்திறங்கிய ஊரில் 67 ஆண்டுகள் அவர் நடனத்தோடு வாழ்ந்தார்.

ஒரு மணி நேரத்திற்குப் பின்னால்

நடனம் என்றதும் ஆடுபவரே நம் கண்முன் நிற்கிறார். ஆனால், அவர் தனியாக இல்லை. மேடையின் ஒரு பக்கத்தில் நட்டுவனார் தாளத்தைத் தட்டி ஜதி சொல்கிறார். அவருக்கு அருகில் பாடகரும் மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் வாசிப்பவர்களும் அமர்ந்திருக்கின்றனர். பாடகர் ஒரு வரியை எத்தனை முறை பாடுவார் என்பதை ஆடுபவரின் முகக்குறிப்பே சில வேளைகளில் முடிவுசெய்கிறது.

பார்வையாளர் கண்ணுக்குப் படாதவர்களும் உண்டு. எந்த இடத்தில் விளக்கு மங்க வேண்டும், எப்போது திரை விலக வேண்டும் என்பதை மேடை மேலாளர் குறித்து வைத்துக்கொண்டு உரிய நொடியில் ஆணையிடுகிறார். ஒப்பனை செய்பவர், ஆடை மடிப்பைச் சரிபார்ப்பவர், அறுந்த சலங்கை வாரைத் தைப்பவர், நுழைவாயிலில் வரவேற்பவர் எனப் பலர் உழைக்கின்றனர். இவர்களில் பலர் ஊதியம் பெறாத தொண்டூழியர்கள்.

கதவோரத்தில் நின்ற மாணவியிடம் ஆசிரியர் கேட்கும் அடுத்த கேள்வி இதைச் சார்ந்ததாகத்தான் இருக்கும்.

“ஆட நேரமில்லை என்றால் ஆட வேண்டாம். அடுத்த மாதம் நம் பள்ளியின் நிகழ்ச்சி இருக்கிறது. ஆடப்போகும் பதத்திற்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் சிறு விளக்கம் எழுத ஓர் ஆள் தேவை. ஒரே ஒரு பக்கம்தான். எழுதித் தருகிறாயா?”

ஒரு பக்கம், ஒரு மாலைப் பொழுது. அவள் ஒப்புக்கொள்கிறாள்.

வீட்டிற்குச் சென்று எழுத அமர்ந்த பிறகே அந்த ஒரு பக்கத்தின் கடினம் அவளுக்குத் தெரிகிறது. பதத்தின் தலைவி, வெகுநேரம் காத்திருந்து, தாமதமாக வந்த தலைவனோடு பேச மறுக்கிறாள். அது வெறுப்பன்று, சண்டையுமன்று. அன்புள்ளவரிடம் மட்டுமே கொள்ளும் செல்லக் கோபம். தமிழில் அதற்கு ‘ஊடல்’ என்று ஒரே சொல் இருக்கிறது. திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரங்களே உள்ளன. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான ஒரு சொல்லை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம் என்று எழுதினால் அன்பு விடுபடுகிறது. அன்பு என்று எழுதினால் கோபம் விடுபடுகிறது. மூன்று முறை எழுதி அடித்த பிறகு, ஒரு சொல்லுக்குப் பதிலாக இரண்டு வாக்கியங்கள் எழுதுகிறாள். “அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால், அவன் போய்விடக் கூடாது என்றும் விரும்புகிறாள்.”

இதே பதத்தை அவள் தன் அரங்கேற்றத்தில் ஆடியிருக்கிறாள். அப்போது ஆசிரியர் சொன்னபடி முகத்தைத் திருப்பினாள். ஏன் திருப்பினோம் என்பது இன்றுதான் அவளுக்கு முழுமையாக விளங்குகிறது.

பார்ப்பதும் பங்கேற்பே

மேடையிலும் மேடைக்குப் பின்னாலும் இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்யலாம்? பார்க்கலாம். ஆனால், பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். பரதநாட்டியத்தில் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்று அபிநய தர்ப்பணம் என்னும் நூல் வகுக்கிறது. விரல்களை நீட்டிச் சேர்த்துப் பிடிக்கும் ‘பதாகம்’ அவற்றுள் முதலாவது. அதே கை மேகமாகும், காடாகும், ஆறாகும். சாத்திய கதவாகவும் ஆகும். எது என்பதை ஆடுபவரின் கண்களும் பாட்டின் சொற்களும் காட்டுகின்றன. சில முத்திரைகளையாவது அறிந்தவருக்கு மேடை ஒரு புத்தகம்போல் விரியும்.

தாளமும் அப்படியே. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்ணிக்கைகளில் நடைகள் மாறுவதை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். எண்ணத் தொடங்கியவர் தூங்க மாட்டார். கைப்பேசியையும் எடுக்க மாட்டார். ஜதி முடிந்து ஆடுபவரின் கால் சரியான இடத்தில் விழும்போது, தம்மை அறியாமலே கைதட்டுவார். அந்தக் கைதட்டல் மேடையில் இருப்பவருக்குக் கேட்கும். தம் உழைப்பை ஒருவர் புரிந்துகொண்டார் என்பதும் தெரியும்.

நம் நிகழ்ச்சிகள் சிலவற்றில் வேறொரு காட்சியையும் காணலாம். தம் பிள்ளையின் ஆட்டம் முடிந்ததும் குடும்பத்தோடு எழுந்து போய்விடுவோர் உண்டு. இறுதியில் ஆடும் குழுவுக்கு வெற்று நாற்காலிகளே மிஞ்சும். அந்தக் குழுவும் அதே அளவு பயிற்சி செய்துதான் வந்திருக்கும்.

சிங்கப்பூரில் நடனம் பார்க்க வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்கில் கட்டணமில்லா நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் நடைபெறுகின்றன. அங்கு ‘கலா உத்சவம்’ என்னும் இந்தியக் கலைவிழா ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும், ஏப்ரல் மாதத்துத் தமிழ்மொழி விழாவும் நம் கலைகளுக்கு இடமளிக்கின்றன. 1967இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழா, பள்ளி நடனக் குழுக்களை மேடையேற்றி வருகிறது. இணைப்பாட நடவடிக்கையாக இந்திய நடனத்தைத் தேர்ந்தெடுக்கும் சீன, மலாய் மாணவர்களும் உள்ளனர். தமிழ் தெரியாவிட்டாலும் சொற்கட்டை அவர்கள் பிழையின்றிச் சொல்வதைக் கேட்கலாம்.

நாமும் பிறருடைய ஆடலைச் சென்று பார்க்க வேண்டும். அரேபியரின் தொடர்பால் மலாய் உலகில் வளர்ந்த ஜாப்பின் நடனத்தில், ‘காம்புஸ்’ என்னும் நரம்புக் கருவியும் ‘மார்வாஸ்’ என்னும் சிறு முழவுகளும் ஒலிக்க, கால்கள் அடக்கமாக நகர்கின்றன. சீன நடனத்தில் நீண்ட பட்டுச் சட்டைக்கைகள் நீரலைபோல் பாய்ந்து மீள்கின்றன. பாலே நடனத்தில் முழங்கால்களை வெளிப்புறம் திருப்பி மடக்கும் நிலையைக் கண்டால் நம் அரைமண்டி நினைவுக்கு வரும். அடுத்தவர் கலையைக் கூர்ந்து பார்ப்பவருக்குத் தம் கலையின் தனித்தன்மை இன்னும் தெளிவாகத் தெரியும்.

அந்த மாலை

நிகழ்ச்சி நாள் வந்தது. மாணவி நுழைவாயிலில் நின்று, தான் எழுதிய விளக்கத்தாளை ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். அவளுடைய அழைப்பை ஏற்று, சீன வகுப்புத் தோழி ஒருத்தியும் வந்திருந்தாள். பரதநாட்டியத்தை அவள் அரங்கில் பார்ப்பது அதுவே முதல்முறை.

பதம் தொடங்கியது. மேடையில் தலைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாடகர் அதே வரியை மீண்டும் பாட, அவள் கைவளையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். மூன்றாம் முறை பாடியபோது, முகம் திரும்பியே இருந்தது. கண்கள் மட்டும் மெல்ல வாசற்பக்கம் சென்றன. அரங்கத்தில் சிலர் புன்னகைத்தனர். தோழியும் அவர்களுள் ஒருத்தி.

நிகழ்ச்சி முடிந்ததும் அவள் விளக்கத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “அவன் போய்விட்டானா என்று பார்க்கத்தானே கதவைப் பார்த்தாள்?” என்று கேட்டாள். பிறகு, “அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்” என்றாள்.

“ஊடல்.”

தோழி அதைத் தன் நாவில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

தேர்வு முடியும்வரை மாணவி வகுப்பில் சேரவில்லை. சனிக்கிழமைகளில் அரைமணி நேரம் மட்டும் வந்து, கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து சிறுவர்களுக்குத் தாளம் போட்டாள். மூன்றாங்காலத்தில் கால்கள் சிதறும்போது கையைத் தட்டி மீண்டும் சேர்த்துவிட்டாள். ஆசிரியரும் அவளை ‘எப்போது மீண்டும் ஆடுவாய்?’ என்று கேட்கவில்லை.

அரங்கேறியவர்களில் சிலர் தொடர்ந்து ஆடுவர். சிலர் பாடுவர், எழுதுவர், விளக்கை இயக்குவர், பிறருக்குக் கற்பிப்பர். பலர் இருக்கையில் அமர்ந்து, இறுதி ஆட்டம்வரை எழாமல் பார்ப்பர். இவர்கள் எல்லாரும் சேர்ந்தே ஒரு நகரத்தின் கலையைத் தாங்குகின்றனர். இவர்களுள் எந்த இடம் தனக்குரியது என்பதை அந்த மாணவி இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால், தேர்வின் கடைசித் தாள் முடிந்த மறுநாள், அலமாரியைத் திறந்து சலங்கையை எடுத்தாள். துருப்பிடித்திருந்த இரண்டு மணிகளை மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.